பக்கத்து மனைக்காரர் கட்டும் காம்பவுண்டு சுவர்: வேலி, முடுக்கு, இறவாரம் ஆகியவற்றில் எங்களுக்கு என்ன உரிமை?

கேள்வி கேட்டவர்: கல்லிடைக்குறிச்சி மகள்

அனைவருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் என் அம்மா தனியாக வசித்துவரும் ஓட்டு வீடு என் தாத்தாவுக்குப் பாகப்பிரிவினையில் கிடைத்தது. அதன் மேல்புறத்து (மேற்குப் பக்கத்து) மனை தாத்தாவின் தம்பிக்குப் போனது. அவருடைய பிள்ளைகள் சில ஆண்டுகளுக்கு முன்பு அதை வெளியாருக்கு விற்றுவிட்டார்கள். இரண்டு மனைகளுக்கும் நடுவே நான் சிறுமியாக இருந்த காலம் முதலே ஒரு கிளுவை வேலி நிற்கிறது. அந்த வேலிக்கும் எங்கள் வீட்டு மேல்சுவருக்கும் இடையில், இடுப்பில் குடத்துடன் ஒருவர் நடந்துபோகும் அளவுக்கு ஒரு முடுக்கு இருக்கிறது. தெருவிலிருந்து புறவாசலுக்கு அதன் வழியாகத்தான் போய்வருகிறோம். எங்கள் இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) அந்த முடுக்கின் மேல் ஏறக்குறைய ஒன்றரை அடி நீண்டிருப்பதால் மழைத் தண்ணீரும் அங்கேதான் விழுந்து தெரு வாறுகாலில் போய்ச் சேருகிறது.

இப்போது அந்த மனையை வாங்கிய அண்ணாச்சி, வேலியை எடுத்துவிட்டு ஆறடி உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர் கட்டப்போவதாகச் சொல்லி, வேலிக்கு எங்கள் பக்கமாக, முடுக்குக்குள்ளேயே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார். அம்மா கேட்டதற்கு, "உங்கள் பத்திரத்தில் கீழ்மேல் 12 முழம் என்றுதான் இருக்கிறது. முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் உங்களுக்கு 18 அடிதான் பாத்தியம். மீதியெல்லாம் என் இடம். ஏதோ வயதானவர் என்று விட்டுவைத்திருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீடே 18 அடிக்கு மேல் அகலம். கீழ்ப்புற எல்லையில் நிற்கும் எங்கள் கீழ்சுவரின் வெளிப்புறத்திலிருந்து வேலி வரை நான் டேப் பிடித்துப் பார்த்ததில் 36 அடி வருகிறது.

சுவர்ச் செலவில் பாதியை நாங்கள் தர வேண்டும் என்றும் கேட்கிறார். அதோடு ஒரு தாளையும் எழுதிக் கொண்டுவந்து, "தங்கள் அனுமதியின் பேரில் எங்கள் இறவாரத்தை வைத்துக்கொள்கிறோம்" என்று அம்மாவிடம் கையெழுத்துக் கேட்கிறார். கையெழுத்துப் போட்டால் இறவாரத்தைத் தொடமாட்டாராம். அம்மா என்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லித் தாளை வாங்கி வைத்திருக்கிறார். நான் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதால் அடிக்கடி ஊருக்கு வர இயலவில்லை. எங்கள் சம்மதம் இல்லாமல் அவர் சுவர் கட்டலாமா? அந்தத் தாளில் கையெழுத்துப் போடலாமா? அண்டை வீட்டாரோடு கோர்ட்டு வரை போக அம்மாவுக்கு விருப்பம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வேலியோரம்

சகோதரி, வேலி 12 ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது என்றாலே வேலி வரைக்கும் உங்கள் இடம்தான். அனுபவப் பாத்தியம் என்று ஒன்று இருக்கிறது. அவர் வானம் தோண்டினால் ஆளை விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். பிறகு அவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். எங்கள் நாங்குநேரிப் பக்கத்தில் இப்படித்தான் பலரும் செய்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நில அளவர்

சகோதரிக்கு வணக்கம். நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சட்டத்துக்குள் போகாமல் அளவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த 12 முழம். பத்திரத்தை நீங்கள் கையில் எடுத்து, "முழம்" என்று மட்டும் இருக்கிறதா, "தச்சு முழம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் வீட்டு மனையைத் தச்சு முழத்தில் எழுதுவதுதான் பெருவழக்கு. தச்சு முழம் என்பது கையை நீட்டி அளக்கிற ஒன்றரை அடி முழம் அன்று. தச்சர்கள் மனைக்கோலில் வைத்திருந்த 33 அங்குல அளவு, அதாவது இரண்டே முக்கால் அடி. அப்படியானால் 12 தச்சு முழம் 33 அடி ஆகிறது. நீங்கள் சொன்ன 36 அடியில் 33 போக மீதி 3 அடி நிற்கிறது. ஓர் ஆள் குடத்துடன் போகிற முடுக்கும் ஏறக்குறைய மூன்றடிதான் இருக்கும். ஆகவே உங்கள் மேல்சுவர் வரைக்கும் உங்கள் மனை, அதற்கு அப்பால் முடுக்கு என்று எழுதப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இது ஊகம்தான், பத்திரம் என்ன சொல்கிறது என்பதே முக்கியம்.

அடுத்தது, உங்கள் மனையையும் அவருடைய மனையையும் அரசு நில அளவரைக் கொண்டு அளக்க விண்ணப்பியுங்கள். எல்லையை அளந்து காட்டக் கோரும் விண்ணப்பத்தை இ-சேவை மையம் வழியாகவே கொடுத்துவிடலாம். பட்டா நகல், பத்திர நகல் ஆகியவற்றை வைத்தால் போதும். அளக்கும் நாளைக் குறித்துப் பக்கத்து மனைக்காரருக்கும் முன்னறிவிப்பு போக வேண்டும். போகாவிட்டால் பிறகு அவர் அந்த அளவை ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றைக்கு நீங்களே ஊரில் இருப்பது நல்லது. நில அளவர் எங்கிருந்து சங்கிலியைப் பிடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) உள்ள எல்லைக்கல்லிலிருந்தோ, கல் காணாமல் போயிருந்தால் அடுத்தடுத்த புலங்களின் கற்களிலிருந்து கணக்கிட்டு நிறுவிய புள்ளியிலிருந்தோதான் அளவு தொடங்க வேண்டும். தெரு ஓரத்துத் தார்ச்சாலையிலிருந்தும் எதிர்வீட்டுச் சுவரிலிருந்தும் அளந்துவிட்டுப் போன அளவுகள்தான் பிறகு சண்டையில் முடிகின்றன. சாலையைப் போட்டுப் போட்டு அகலமாக்கியிருப்பார்கள், சுவரையும் யாராவது முன்தள்ளிக் கட்டியிருப்பார்கள்.

மனை கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருக்குமானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நத்தம் நிலவரித் திட்டத்தில் அவரவர் அனுபவத்தில் இருந்ததை அளந்து உட்பிரிவு செய்தபோது, பொது முடுக்குகள் சில ஊர்களில் தனி உட்பிரிவாகப் பதிவாயின. சில இடங்களில் ஒருவருடைய பட்டாவுக்குள்ளேயே ஓசையில்லாமல் கலந்துவிட்டன. உங்கள் மேல்புறத்து அண்ணாச்சி இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்கு அவருடைய பட்டாவில் அந்த மூன்றடி சேர்ந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். நில அளவர் கோட்டைக் காட்டுவார். அந்தக் கோட்டுக்கு உட்பட்ட மண் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்வது அவர் வேலை இல்லை.

பதில்: அம்பை வழக்கறிஞர்

மேலே வேலியோரம் என்ற பெயரில் எழுதிய நண்பரின் ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். காலவரையறைச் சட்டம், 1963 சொல்லும் 12 ஆண்டு என்பது, உண்மையான உரிமையாளருக்கு எதிராக, அவர் அறியும்படி வெளிப்படையாக, "இது என்னுடையது" என்ற எண்ணத்தோடு இடைவிடாமல் வைத்திருந்த அனுபவத்துக்குத்தான் பொருந்தும். ஒரு கிளுவை வேலி சும்மா நின்றது என்பதால் மட்டும் நிலம் கைமாறிவிடாது. அந்த முடுக்கு இரண்டு வீட்டாருக்கும் பொதுவாக இருந்தால் இந்த வாதம் இன்னும் வலுவிழக்கும். பொதுவில் உள்ள சொத்தை ஒரு பங்காளி பயன்படுத்துவது மற்றவருக்கு எதிரான அனுபவம் ஆகாது. வானத்தை ஆள் விட்டு மூடினால், இதுவரை சிவில் தகராறாக இருந்தது அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போகும். தனியாக இருக்கும் அம்மாவை அந்த நிலைக்குத் தள்ள வேண்டாம். வசதியுரிமைக்கு (பிறர் நிலத்தில் வழி நடக்கவோ தண்ணீர் விடவோ உள்ள உரிமைக்கு) தடை போட்டவரின் தடையை உரிமையாளர் தாமே அகற்றக் கூடாது என்று 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 36ஆம் பிரிவும் சொல்கிறது.

இனி உங்கள் கேள்விகள். தம் நிலத்துக்குள் எல்லையை ஒட்டிச் சுவர் கட்டிக்கொள்ள ஒருவருக்கு அண்டை வீட்டாரின் சம்மதம் தேவையில்லை. ஆகவே அவருடைய இடத்தில் கட்டினால் நீங்கள் தடுக்க முடியாது; உங்கள் இடத்திலோ பொது இடத்திலோ ஓர் அங்குலம் வந்தாலும் தடுக்கலாம். பேரூராட்சி அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று அவர் சொன்னாலும், அந்த அனுமதி கட்டடம் விதிக்கு உட்பட்டது என்பதற்கு மட்டுமே. நிலத்தின் மீதான உரிமையைத் தராது. பட்டாவும் வருவாய்த் துறைப் பதிவுதான், உரிமை மூலம் ஆகாது. செலவைப் பொறுத்தவரை, எல்லைச் சுவருக்குப் பாதிப் பணம் தந்தே ஆக வேண்டும் என்று அண்டை வீட்டாரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் கிடையாது. நீங்களாக ஒப்புக்கொண்டு பாதிப் பணம் கொடுத்தால், அது பொதுச்சுவர் என்ற வாதத்துக்கு நாளைக்கு இடமாகும். பொதுச்சுவர் என்றால் ஒருவர் விருப்பப்படி அதை இடிக்கவோ மேலே உயர்த்தவோ முடியாது. அது உங்களுக்கு நன்மையா இல்லையா என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவதாக, அந்தத் தாள். எதில் விட்டுக்கொடுத்தாலும் இந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். இறவாரத்துத் தண்ணீரை இன்னொருவர் இடத்தில் விடுவதும், ஒரு வழியில் நடப்பதும், அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாக, இடைவிடாமல் 20 ஆண்டு நடந்துவந்திருந்தால் வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி சட்ட உரிமையாகிவிடும். அந்தச் சொற்களில் "உரிமையாக" என்பதுதான் உயிர்நாடி. "தங்கள் அனுமதியின் பேரில்" என்று எழுதிக் கொடுத்த நிமிடமே, இத்தனை ஆண்டுகளும் அவர் தயவில்தான் நடந்தோம் என்று அம்மாவே ஒப்புக்கொண்டதாகிவிடும். அனுமதியை அவர் நினைத்த நாளில் திரும்பப் பெறலாம். உரிமையை அப்படித் திரும்பப் பெற இயலாது. அந்தத் தாளை எழுதியவர் சட்டம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதே 15ஆம் பிரிவின்படி, வழக்குப் போடும் தேதிக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த 20 ஆண்டு அனுபவம் வந்து முடிந்திருக்க வேண்டும். தடை ஏற்பட்டது தெரிந்த பிறகும் ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டால், இடைவிடாத அனுபவம் என்ற சங்கிலி அறுந்துவிடும். சுவர் முழுதாக எழும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தடையுத்தரவு தரவும் நீதிமன்றங்கள் தயங்கும். கண் முன்னே நடந்ததற்கு இசைந்து இருந்துவிட்டார் என்று குறிப்பீட்டுத் தீர்வுச் சட்டத்தின் 41ஆம் பிரிவைக் காட்டுவார்கள். ஆகவே கோர்ட்டுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் மறுப்பை எழுத்தில் பதிவு செய்யுங்கள். சுண்ணாம்புக் கோட்டையும் வேலியையும் இறவாரத்தையும் ஒரே சட்டகத்தில் வருமாறு தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அளவு முடியும்வரை வேலையை நிறுத்திவைக்கக் கேட்டு பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

கடைசியாக, நில அளவர் ஐயா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். உங்கள் தாத்தாவின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அளவை மட்டும் படிக்காமல், "இதற்கு நான்கு மால்" என்று தொடங்கி நான்கு பக்க எல்லைகளையும் சொல்லும் பகுதியையும் அதற்குக் கீழே சுவர், வழி பற்றி எழுதியிருப்பதையும் படியுங்கள். அளவும் நான்கு மாலும் முரண்பட்டால் பொதுவாக நான்கு மாலுக்குத்தான் முன்னுரிமை. படித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: கல்லிடைக்குறிச்சி மகள்

இரண்டு ஐயாமார்களுக்கும் மிக்க நன்றி. அம்மா பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார்கள். 1958ஆம் ஆண்டுப் பத்திரம். "கீழ்மேல் தச்சு முழம் 12" என்றுதான் இருக்கிறது. நான்கு மாலில், மேற்கே "பொது முடுக்குக்கும்" என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், "இரு பாகத்துக்கும் இடைப்பட்ட கீழ்மேல் 3 அடி முடுக்கில் இரு பாகத்தாரும் நடை பாத்தியமும் தண்ணீர் விழும் பாத்தியமும் பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி இருக்கிறது. இது எங்கள் மனையைப் பற்றியது மட்டுமா, அல்லது வாங்கியவரையும் கட்டுப்படுத்துமா என்று தெரியவில்லை.

பதில்: அம்பை வழக்கறிஞர்

கட்டுப்படுத்தும். இப்படிப்பட்ட உரிமை ஆட்களோடு போவது இல்லை, நிலத்தோடு போவது. பாகப்பிரிவினை பதிவு செய்யப்பட்ட பத்திரம் என்பதால், எனக்குத் தெரியாது என்று வாங்கியவர் சொல்வதும் எடுபடாது. மூலப் பத்திரத்தைப் படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டியது அவர் கடமை. அவருடைய விற்பனைப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கிப் பாருங்கள். அதில் கிழக்கே "பொது முடுக்குக்கும்" என்று இருந்தால் பேச்சு பாதி முடிந்துவிட்டது.

உங்கள் நிலை இப்போது மாறியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். முடுக்கு பொது என்றால் அவர் அதற்குள் வானம் தோண்ட முடியாது. அதே சமயம் அது முழுவதும் எங்களுடையது என்று நீங்களும் சொல்ல முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம், முடுக்கின் மேற்கு விளிம்பிலிருந்து அவர் பக்கம் தள்ளி, எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் விதிக்கு உட்பட்டுக் கட்டிக்கொள்ளலாம். உங்கள் மேல்சுவரில் ஜன்னல் இருந்து வெளிச்சம் குறைகிறது என்றால், குறைவது கணிசமான அளவில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். மூன்றடி தள்ளி ஆறடிச் சுவர் வந்தால் பெரும்பாலும் நிற்காது.

பேசித் தீராவிட்டால் அம்பாசமுத்திரம் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. அவர் உங்கள் உரிமையையே மறுப்பதால், தடையுத்தரவை மட்டும் கேட்டால் போதாது. உரிமை விளம்புகையும் (உரிமை உங்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் அறிவிப்பதையும்) சேர்த்துக் கேட்க வேண்டும். உரிமையில் தீவிரமான சிக்கல் இருக்கும்போது வெறும் தடையுத்தரவு வழக்கு தகாது என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு அனத்துல சுதாகர் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. வழக்கோடு, இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஆணையர் ஒருவரை நியமிக்கவும் மனுப் போடலாம். வேலி, சுண்ணாம்புக் கோடு, இறவாரம் எல்லாம் அப்போது இருந்தபடியே பதிவாகிவிடும். அவர் முந்திக்கொண்டு வழக்குப் போட்டு உங்களைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் கேவியட் மனு போட்டு வைக்கலாம். அது 90 நாள் செல்லும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே சட்ட உதவி இலவசம் என்பதால், அம்மா நேரடியாக வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து இருவரையும் சமரசத்துக்கு அழைக்கச் சொல்லலாம். கோர்ட்டு வேண்டாம் என்று நினைக்கும் அம்மாவுக்கு அதுவே ஏற்ற இடம்.

பதில்: வீரவநல்லூர் சிவில் இன்ஜினியர்

சட்டம் பேசியாயிற்று. சமரசம் ஆகி அவர் தம் பக்கம் கட்டும்போது கொத்தனார் நூல் பிடிக்கிற இடத்தில்தான் அடுத்த தகராறு பிறக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்பது அங்குலச் சுவருக்கு வானம் இரண்டு அடி அகலம் தோண்டுவார்கள். நூலை எல்லைக் கோட்டிலேயே பிடித்து, அதைச் சுவரின் வெளிமுகமாக வைத்துக் கட்டினால், மேலே பார்க்கிறவருக்குச் சுவர் சரியாகத்தான் தெரியும். ஆனால் மண்ணுக்கு அடியில் அஸ்திவாரத்தின் கருங்கல் கட்டு ஏழரை அங்குலம் முடுக்குக்குள் வந்திருக்கும். நாளைக்கு அங்கே வாறுகாலுக்குக் குழாய் பதிக்கத் தோண்டும்போதுதான் இது வெளியே வரும். ஆகவே "அஸ்திவாரத்தின் வெளிவிளிம்பு எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று சமரசத் தாளில் எழுதுங்கள். "சுவர்" என்று மட்டும் எழுதினால் போதாது.

அம்மாவின் வீடு பழைய ஓட்டு வீடு என்பதால் சுவர் சுண்ணாம்புக் காரையிலோ மண் சாந்திலோ கட்டியதாக இருக்கும். நம் ஆற்றங்கரை ஊர்களில் அடிமண் ஈரமாகவே இருப்பதால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரை ஒட்டி நீளமாக வானம் தோண்டிப் போட்டுவிட்டு வேலையை நிறுத்தினால் பழைய சுவர் விரிசல் விடும். மூன்றடி தள்ளி இருந்தால் அபாயம் குறைவு. இருந்தாலும் மழைக்கு முன் தோண்டி, துண்டு துண்டாக எடுத்து உடனுக்குடன் கட்டி மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் சுவரின் தலைப்பு (உச்சிப் பகுதி) அவர் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சுவர்த் தண்ணீரும் உங்கள் இறவாரத் தண்ணீரும் ஒரே முடுக்கில் இறங்கும். வெளிப்பூச்சு பூச அவருக்கு முடுக்குக்குள் சாரம் போட்டுத்தான் ஆக வேண்டும். அதை மறுக்காதீர்கள், பொது முடுக்கில் அவருக்கும் நடை உண்டு.

பதில்: அம்பை வழக்கறிஞர்

இன்ஜினியர் சொன்ன வாசகத்தை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சமரசத்தை இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். அசையாச் சொத்தில் உரிமையை ஏற்படுத்துகிற அல்லது விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு என்பதால் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்தால் அதன் தீர்வே நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். எதுவானாலும் இருவருடைய புல எண், உட்பிரிவு எண், நில அளவர் கொடுத்த வரைபடம், 1958ஆம் ஆண்டுப் பத்திரத்தின் ஆவண எண் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். முடுக்கு அவருடைய பட்டாவில் சேர்ந்திருந்தால் அதைத் திருத்த இருவரும் சேர்ந்து வட்டாட்சியருக்கு மனுக் கொடுப்பதாக ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.